நேற்று ஏன் வரவில்லை?

தனியாக எடுத்தால் தண்டாலும் ஒரு தண்டனைதான். பத்துப் பேரோடு சேர்ந்து எடுத்தால் அதுவே விளையாட்டு!

ஜனவரி முதல் தேதி பிறந்ததும் பலர் ஒரு தீர்மானம் செய்கிறார்கள். "நாளை முதல் விடியற்காலையில் எழுந்து தேகப் பயிற்சி செய்யப் போகிறேன்" என்று வீட்டில் உள்ள அத்தனை பேரிடமும் சொல்கிறார்கள். புதிதாகக் காலணி வாங்குகிறார்கள். கடிகாரத்தில் மணி வைத்துவிட்டுப் படுக்கிறார்கள்.

முதல் நாள் எழுகிறார்கள். இரண்டாம் நாளும் எழுகிறார்கள். பத்தாம் நாள் மணி அடிக்கிறது. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு வந்து அதன் வாயை அடைக்கிறது. பிறகு போகிப் பண்டிகை வருகிறது. பழைய பாயோடு சேர்ந்து தீர்மானமும் எரிந்துபோகிறது!

ஆனால் அதே தெருக்கோடி மைதானத்தில் சிலர் ஆண்டுக்கணக்கில் தவறாமல் வருகிறார்கள். பனி பெய்தாலும் வருகிறார்கள். தூறல் போட்டால் குடை பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களில் அறுபது வயதைத் தாண்டியவர்களும் உண்டு. அவர்களுக்கு மட்டும் இத்தனை மன உறுதி எங்கிருந்து வந்தது?

மன உறுதி ஒன்றும் பெரிதாக இல்லை. வராமல் இருந்துவிட்டால், மறுநாள் "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்பதற்கு அங்கே ஒருவர் இருக்கிறார். அவ்வளவுதான் ரகசியம்.

மைதானத்தில் ஒரு குடும்பம்

சென்னையில் மெரினா கடற்கரைக்கோ, தியாகராய நகர் பனகல் பூங்காவுக்கோ காலையில் போனால் இதைப் பார்க்கலாம். கோவையில் ரேஸ் கோர்ஸ் சாலையில் பார்க்கலாம். சிற்றூரானால் பள்ளிக்கூட மைதானத்தில் பார்க்கலாம்.

பென்ஷன் வாங்கும் ரெயில்வே ஊழியர் ஒருவர். அவர் பக்கத்தில் மளிகைக் கடைக்காரர். அடுத்து ஒரு பள்ளி ஆசிரியை. அவருக்குப் பின்னால் வங்கியில் வேலை பார்க்கும் இளைஞர். பகல் நேரத்தில் இவர்கள் ஒருவரை ஒருவர் சந்திக்க வேண்டிய அவசியமே இல்லை. காலை ஆறு மணிக்கு மட்டும் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று கையைத் தூக்குகிறார்கள்.

எல்லாக் குழுவிலும் சில பேர் தவறாமல் இருப்பார்கள். கையைத் தூக்கச் சொன்னால் காலைத் தூக்குபவர் ஒருவர். "வலப்பக்கம் திரும்பு" என்றால் இடப்பக்கம் திரும்பி, எதிரே நிற்பவரைப் பார்த்து வணக்கம் சொல்பவர் ஒருவர். ஏழு வரை எண்ணிவிட்டு, கணக்குத் தவறியது போல மறுபடியும் நாலிலிருந்து தொடங்கும் பயிற்சியாளர் ஒருவர். "ஐயா, எங்களை ஏமாற்றாதீர்கள்!" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே இன்னும் நாலு முறை குனிந்து நிமிர்ந்துவிடுவார்கள்.

சிரிப்பு முடிந்ததும் வேறொன்றும் நடக்கிறது. தலைகளை எண்ணிப் பார்க்கிறார்கள். "வாத்தியார் எங்கே?" என்று ஒருவர் கேட்கிறார். ஒரு நாள் வராவிட்டால் விசாரிப்பார்கள். இரண்டு நாள் வராவிட்டால் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். மூன்றாம் நாளும் வராவிட்டால் இரண்டு பேர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள்.

இது சின்ன விஷயம் அல்ல. மனைவியை இழந்த ஒரு முதியவர் தனியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுகிறார்கள். செவ்வாய்க்கிழமை அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும்? புதன்கிழமை காலை அவர் வரவில்லை என்பதை முதலில் கவனிப்பது மைதானத்தில் அவர் பக்கத்தில் நிற்பவர்தான். அப்படிப்பட்டவருக்கு அந்தப் பயிற்சிக் குழு உடம்பை வளைக்கும் இடம் மட்டுமா? அது அவருக்கு ஒரு குடும்பம் அல்லவா?

ஏற்றப் பாட்டும் விஞ்ஞானமும்

சேர்ந்து செய்தால் களைப்புத் தெரியாது என்பது நம் முன்னோர்கள் அறிந்த உண்மை. ஏற்றம் இறைத்தவர்கள் பாடிக்கொண்டே இறைத்தார்கள். நாற்று நடும் பெண்கள் ஒருத்தி பாட மற்றவர்கள் பின்பாட்டுப் பாடி நட்டார்கள். குனிந்த முதுகு வலிக்காமலா இருந்திருக்கும்? வலித்தது. பாட்டும் கேலியும் அந்த வலியை மறக்கடித்தன.

இதை விஞ்ஞானிகளும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் படகு வலிக்கும் இளைஞர்கள் 12 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 2009-ல் வெளியாயிற்று. துடுப்புப் போடுவது போன்ற பயிற்சி இயந்திரத்தில் அவர்கள் தனியாக 45 நிமிடம் உழைத்தார்கள். வேறு நாளில் கூட்டாக அதே 45 நிமிடம் உழைத்தார்கள். பிறகு இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி இறுக்கி, எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். உழைப்பு இரண்டு நாளும் ஒன்றுதான். ஆனால் கூட்டாகச் செய்த நாளில் அதிக வலியைத் தாங்கினார்கள்!

சிரிப்பைப் பற்றியும் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் இதே முறையில் சோதனை செய்து 2011-ல் வெளியிட்டார்கள். சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் சக்தி கூடியிருந்தது. மூளையில் சுரக்கும் எண்டார்பின் என்ற பொருள்தான் இதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அது உடம்பே தனக்காகத் தயாரித்துக்கொள்ளும் வலி மருந்து.

இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 148 ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அந்த ஆய்வுகளில் இடம் பெற்றவர்கள் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். உற்றார், நண்பர் என்ற பிணைப்பு வலுவாக உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு, அந்தப் பிணைப்புக் குறைந்தவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. சர்க்கரையையும் உப்பையும் குறைக்கச் சொல்லும் வீட்டார், "நாலு பேரோடு பழகுங்கள்" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது!

மும்பைப் பூங்காவில் ஐந்து பேர்

நட்பு இருந்தால் போதுமா? அந்த நட்பு கெடாமல் இருக்க வேண்டாமா? இதற்கு மும்பையில் நடந்த ஒரு சம்பவம் நல்ல பாடம்.

மதன் கடாரியா என்ற டாக்டர் அங்கே இருந்தார். சிரிப்பு உடம்புக்கு நல்லது என்று ஒரு கட்டுரை எழுத முனைந்தார். எழுதுவானேன், செய்தே பார்த்துவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1995 மார்ச் 13-ஆம் தேதி காலையில், அந்தேரிப் பகுதியில் லோகண்ட்வாலா என்ற இடத்தில் உள்ள பூங்காவுக்குப் போனார். உலாவ வந்தவர்களை அழைத்தார். அவரையும் சேர்த்துக் கூடியவர்கள் மொத்தம் ஐந்தே பேர்!

வட்டமாக நின்றார்கள். ஒருவர் நடுவில் வந்து ஒரு துணுக்குச் சொல்வார். மற்றவர்கள் சிரிப்பார்கள். சில நாட்களில் கூட்டம் ஐம்பதைத் தாண்டிவிட்டது.

ஆனால் இரண்டு வாரத்தில் நல்ல துணுக்குகள் தீர்ந்துபோயின. பிறகு என்ன வரும்? மற்றவர் மனத்தைப் புண்படுத்தும் துணுக்குகள் வந்தன. காது கூசும் துணுக்குகள் வந்தன. மனம் நொந்தவர்கள் டாக்டரிடம் முறையிட்டார்கள். "இப்படிச் சிரிப்பதைவிடச் சங்கத்தை மூடிவிடலாம்" என்றார்கள்.

டாக்டர் ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் காலை வந்து ஒரு யோசனை சொன்னார். இனித் துணுக்கே வேண்டாம். காரணம் இல்லாமலே ஒரு நிமிடம் சேர்ந்து சிரிப்போம் என்றார். முதலில் எல்லோரும் வலுக்கட்டாயமாகச் சிரித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் அது உண்மைச் சிரிப்பாக மாறியது. நிறுத்த முடியவில்லை!

இப்படிப் பிறந்ததுதான் சிரிப்புச் சங்கம். டாக்டரின் மனைவி மாதுரி யோகாசனம் கற்றவர். மூச்சுப் பயிற்சியும் சிரிப்போடு சேர்ந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இத்தகைய சங்கங்கள் இருப்பதாக அந்த இயக்கத்தார் சொல்கிறார்கள். மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமையை உலகச் சிரிப்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

ஐந்து பேர் ஐம்பது பேரானது சிரிப்பால். அந்தக் கூட்டம் உடைய இருந்ததும் சிரிப்பால். அதைக் காப்பாற்றியதும் சிரிப்பே. ஆனால் இது முந்தியதைப் போன்ற சிரிப்பு அல்ல.

சிரிப்பில் இரண்டு ஜாதி

ஒருவரோடு சேர்ந்து சிரிப்பது ஒன்று. ஒருவரைப் பார்த்துச் சிரிப்பது மற்றொன்று. இரண்டுக்கும் சத்தம் ஒன்றுதான். பலன் வேறு.

சற்றுப் பருமனான ஒரு பெண்மணி. டாக்டர் சொன்னதால் காலைப் பயிற்சிக்குப் புதிதாக வருகிறார். கூச்சத்தோடு பின் வரிசையில் நிற்கிறார். குதிக்கச் சொன்னதும் அவரும் குதிக்கிறார். "அம்மா, பூமி அதிருகிறது!" என்கிறார் ஒரு வேடிக்கைப் பேச்சுக்காரர். எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்த அம்மாளும் சிரிக்கிறார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. புதியவர் என்பதால் "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்கவும் ஆள் இல்லை. சர்க்கரை நோயை அடக்குவதற்காக வந்தவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். வேடிக்கை பேசியவர் அன்றைக்கே அதை மறந்துவிட்டார். யார் மிகவும் அவசியமாக வர வேண்டுமோ, அவரைத்தான் அந்த ஒரு சொல் விரட்டியது!

விளையாட்டாகச் சொன்னாலும் இகழ்ச்சி துன்பமே தரும் என்று வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் சொல்லுகிறார். அதே அதிகாரத்தில், பிறரோடு கலந்து மகிழத் தெரியாதவர்களுக்கு இந்தப் பெரிய உலகம் பட்டப் பகலிலும் இருட்டுத்தான் என்றும் சொல்லுகிறார். சிரிக்கவும் வேண்டும், இகழவும் கூடாது. காலைப் பயிற்சிக் குழுவுக்கு இவ்விரண்டையும்விட நல்ல சட்டம் தேவையில்லை.

அப்படியானால் கேலியே கூடாதா? தாராளமாகச் செய்யலாம். தன்னைத் தானே கேலி செய்துகொள்ளலாம். "என் முழங்கால் எனக்கு முன்பே எழுந்து கத்துகிறது" என்று ஒருவர் சொன்னால் யாருக்கு நஷ்டம்? பல நாள் பழகியவர்கள் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்ளலாம். ஆனால் உடல் பருமன், நிறம், வயது, ஜாதி, வறுமை, பிள்ளையில்லாக் குறை இவற்றைத் தொடும் பேச்சு மைதானத்துக்குள் வரக் கூடாது. வேடிக்கையில் சிரிக்காதவர் ஒருவர் இருந்தால், அவர் முகத்தைப் பார்த்து அங்கேயே நிறுத்திக்கொள்வது பண்பு.

உத்தரவும் நட்பும்

சேர்ந்து பயிற்சி செய்வதில் ஜப்பானியருக்கு நிகர் இல்லை. 1928 நவம்பர் முதல் தேதி அங்கே ரேடியோவில் தேகப் பயிற்சி ஆரம்பமாயிற்று. பியானோ இசை ஒலிக்கும். ஒருவர் எண்ணுவார். நாடெங்கும் மக்கள் கைகால்களை அசைப்பார்கள். இன்றும் காலை 6.30 மணிக்கு அந்த நிகழ்ச்சி நடக்கிறது. கோடை விடுமுறையில் குழந்தைகள் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிக்கொண்டு வருவார்கள். வந்த நாளுக்கெல்லாம் அதில் ஒரு முத்திரை குத்துவார்கள்.

ஆனால் யுத்த காலத்தில் அந்தப் பயிற்சி வேறு விதமாக இருந்தது. எல்லோரும் ஒரே மாதிரி நிற்க வேண்டும், ஒரே மாதிரி நினைக்க வேண்டும் என்பதற்கு அது ஒரு கருவியாயிற்று. யுத்தம் முடிந்த பிறகு அது நிறுத்தப்பட்டது. 1951-ல் புதிய அசைவுகளோடு மீண்டும் தொடங்கியது. 1999-ல் முதியவர்களும் உடல் ஊனமுற்றவர்களும் செய்யக்கூடிய பயிற்சி ஒன்றும் சேர்க்கப்பட்டது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. உத்தரவு போட்டால் கூட்டம் சேரும், நட்பு சேராது. வரிசை நேராக இருப்பதைவிட, வரிசையில் எல்லோருக்கும் இடம் இருப்பது முக்கியம்.

கடைசி ஆளுக்கு ஒரு துணை

லண்டன் நகரின் புஷி பூங்காவில் 2004 அக்டோபர் 2-ஆம் தேதி 13 பேர் கூடி 5 கிலோமீட்டர் ஓடினார்கள். ஏற்பாடு செய்தவர் பால் சின்டன்-ஹெவிட் என்பவர். அப்போது அவர் உடலில் காயம்பட்டு ஓட முடியாமல் இருந்தார். தாம் ஓட முடியாவிட்டாலும் நண்பர்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைத் தொடங்கினார். ஓட்டம் முடிந்ததும் எல்லோரும் காப்பி குடிக்கப் போவார்கள். சனிக்கிழமை தோறும் காலையில் நடக்கும் இந்த ஓட்டம் இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. பார்க்ரன் என்று அதற்குப் பெயர்.

அங்கே ஓர் அழகான வழக்கம் உண்டு. தொண்டர் ஒருவர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார். எவ்வளவு மெதுவாக நடப்பவராக இருந்தாலும் அவருக்குப் பின்னால் இந்தத் தொண்டர்தான். ஆகவே வந்தவர்களில் யாருக்கும் "நான்தான் கடைசி" என்ற வெட்கம் இல்லை! பரிசு வாங்குபவரைப் பற்றிக் கவலைப்படுவோர் பலர். கடைசியில் வருபவரைப் பற்றிக் கவலைப்படுவதுதான் தோழமை.

காப்பி போடுவது யார்?

சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. காலைக் குழுக்களில் ஆண்கள் பலர், பெண்கள் சிலர். காரணம் யாருக்கும் தெரியாததல்ல. ஆறு மணிக்குப் பால் காய்ச்ச வேண்டும். ஏழு மணிக்கு இட்லி வேக வேண்டும். எட்டு மணிக்குள் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவைக் கட்ட வேண்டும். மைதானத்தில் சிரித்துக் களித்துவிட்டு வரும் வீட்டுக்காரர், நாற்காலியில் சாய்ந்தபடி "காப்பி ஆயிற்றா?" என்கிறார்!

பெண்களுக்கு முழங்கால் வலி இல்லையா? சர்க்கரை வராதா? பேச்சுத் துணை வேண்டாமா? வாரத்தில் மூன்று நாள் காலை வேலையை ஆண்களும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டால், வீட்டுத் தலைவியும் அரை மணி நேரம் வெளியே வரலாம். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடல் உழைப்புச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள். அந்தக் கணக்கில் ஆண், பெண் என்ற பேதம் இல்லை. வீட்டு வேலையே போதிய தேகப் பயிற்சி என்று சொல்லித் தப்பிப்பவர்கள், அந்தப் பயிற்சியை ஒரு வாரம் தாங்களே செய்து பார்க்கலாம்.

குழு நடத்துவோர் கவனிக்க

காலைப் பயிற்சிக் குழு நடத்தப் பணம் தேவையில்லை. சில நல்ல வழக்கங்கள் இருந்தால் போதும்.

புதிதாக வருபவரின் பெயரை முதல் நாளே எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அவருக்குப் பழையவர் ஒருவரைத் துணையாக நிறுத்த வேண்டும். உட்கார்ந்து எழ முடியாதவருக்கு நாற்காலி போட்டு, அதில் இருந்தபடியே கைப்பயிற்சி தர வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது, தடுமாறாமல் நிற்க உதவும் பயிற்சிகளைச் செய்வது நல்லது. தவறி விழும் ஆபத்தை அவை குறைக்கும்.

இருதய நோய், குடல் இறக்கம் உள்ளவர்களும், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் டாக்டரைக் கேட்ட பிறகே கடும் பயிற்சியிலோ பலத்த சிரிப்பிலோ இறங்க வேண்டும். சிரிப்பு நல்லதுதான். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

அரசியல் சண்டை, வட்டிக்குக் கடன், சீட்டுப் பணம் இவை மைதானத்துக்குள் நுழைந்தால் பத்து வருஷ சினேகம் பத்து நாளில் முறியும். அவற்றை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நோட்டுப் புத்தகத்தில் அனைவரின் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். தனியாக வசிப்பவர்களின் பெயருக்கு எதிரே, பிள்ளைகளின் எண்ணையும் எழுதி வைக்க வேண்டும்.

நாளைக் காலை மைதானத்துக்குப் போகிறவர்கள் பயிற்சி முடிந்ததும் ஒரு முறை தலைகளை எண்ணட்டும். யார் குறைகிறாரோ, திரும்பும் வழியில் அவர் வீட்டுக் கதவைத் தட்டட்டும்.

அதுவும் தேகப் பயிற்சிதான்!